மெல்பேர்ணிலிருந்து சூடாகும் தரை

சிட்னியில் இறங்கிய அன்று காலை, தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே முதல் அடி வைத்தவள், "ஐயோ!" என்று வாசல் கால்மிதிக்கே திரும்பிப் பாய்ந்தேன். தரை சூடாக இருந்தது. சுட்டுவிடவில்லை, சற்று முன்வரை யாரோ படுத்திருந்துவிட்டு எழுந்துபோன இடம்போல ஒரு சூடு. வெளியே குளிர் மூக்கு நுனியைக் கிள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆடி மாதம் என்றால் காற்றும் புழுதியும். இங்கே ஆடிதான் குளிர்காலத்தின் நடு என்று எனக்கு முன்னமே தெரியும். தெரிந்திருப்பது வேறு, கால் விறைப்பது வேறு.

"பயப்பிடாதேங்கோ மச்சாள்," என்றாள் சுமதி. என் தம்பி குகனின் மனைவி. "மாபிளுக்குக் கீழை வயர் ஓடுது. ஹீற்றிங்."

அவர்களுடைய எட்டு வயது மகள் ஆரணி, காலுறை இல்லாமல் அந்தத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்து, "அப்பா போட்டுவிட்டார்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன். "அப்பா வந்திட்டாரோ? எங்கை ஆள்?"

"அவர் மெல்பேர்ணிலைதான் மச்சாள்," என்றாள் சுமதி, என் பெட்டியை இழுத்துக்கொண்டே. "அங்கை இருந்து ஃபோனிலை போடுறவர்."

நான் வந்த காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். குகன் மின்சார வேலை தெரிந்தவன். மெல்பேர்ணில் ஏதோ சுரங்கப்பாதை கட்டுகிறார்கள் என்று ஒரு வருடத்துக்குப் போனான். ஒரு வருடம் மூன்றாகிவிட்டது. முதலில் வாராவாரம் சிட்னிக்கு வந்தான், பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு "வேலை கூட அக்கா" என்றான். இப்போது கம்பனி இன்னும் இரண்டு வருடம் நிற்கச் சொல்லிக் கேட்கிறது. வருகிற மாதத்து முதல் திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். சுமதி யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான் கேட்டால் சண்டையிலைதான் முடியும். நீங்கள் வந்து கேளுங்கோ. இந்த முறையும் அவர் ஓமெண்டால், பிறகு வந்தாலென்ன வராட்டிலென்ன."

எங்கள் ஆட்களில் புருசன் பெண்சாதிக்குள் கதை நின்றுபோனால் மூத்த அக்காவைத்தான் அனுப்புவார்கள். முன்பு பஸ்ஸில் அனுப்பினார்கள், இப்போது விமானத்தில். நானும் சுன்னாகத்தில் உள்ள என் மருந்துக்கடையை உதவிக்கு நிற்கும் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அப்பாவின் திவசமும் அந்த நாட்களில் வந்தது. மகன் பக்கத்திலிருந்து படைக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்று பயணக் களைப்பில் தரையிலேயே படுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் மத்தியானம் வெறும் சீமெந்தில் படுப்பது உடம்பு குளிரட்டும் என்று. இங்கே உடம்பு காயட்டும் என்று படுக்கிறார்கள். சித்திரை மாதத்தில் எங்கள் முற்றம் சும்மாவே இதைவிடச் சூடாகும் என்று சுமதியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். மெரிலேண்ட்ஸில் இந்த வீட்டை வாங்கியபோது தரைக்குக் கீழே ஏற்கெனவே வயர் இருந்ததாம். குகன் பார்த்துவிட்டுச் சந்தோசத்தில் குதித்தானாம். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பழைய திருகியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரில் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பெட்டி பூட்டினானாம். அதற்கு இரகசிய எண் உண்டு. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் விடிய எனக்குக் குளிர்ந்தது. பெட்டியின் முன்னால் போய் நின்று மேல் நோக்கிய அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினேன். இரகசிய எண் கேட்டது. வாய்க்கு வந்ததைப் போட்டேன். இன்னொன்று போட்டேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்குள் நுழைவதற்குள் என் போன் அடித்தது.

"அக்கா, பெட்டியைத் தொட்டனியளோ?"

"எடேய், உனக்கு என்னெண்டு தெரியும்?"

"பிழையான நம்பர் போட்டால் எனக்கு மெசேஜ் வரும். குளிருதே? நில்லுங்கோ, ஒரு டிகிரி கூட்டிவிடுறன்."

கூட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே இதமாக வந்தது. அவன் இருக்கும் இடம் எங்கேயோ, என் கால் இருக்கும் இடம் எங்கேயோ. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது. சின்ன வயதில் எனக்கு முதுகு சொறிந்துவிட்டவன்தான், இருந்தாலும் இது வேறு மாதிரி.

அடுத்த நாள் திவசத்துக்குச் சாமான் வாங்க, இந்தியக் கடைத்தெரு இருக்கும் ஹரிஸ் பார்க் போனோம். அந்தத் தெருவில் நடந்தால் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று நமக்கே சந்தேகம் வரும். ஜிலேபி சுற்றுகிற சட்டி கடை வாசலில். அதற்குப் பக்கத்தில் தொப்பியும் கையுறையும் போட்ட பெண்கள் வாயில் புகை விட்டுக்கொண்டு ஜிலேபி தின்கிறார்கள். வாழையிலை உறைபெட்டியில் கிடந்தது, கறுத்துப்போய். மரவள்ளி மெழுகு பூசிப் பளபளத்தது. முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் சிநேகிதியிடம் தமிழ்நாட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாங்க ஹீட்டரே போடறதில்ல. ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டர், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் மட்டும் ராத்திரி எழுந்து திருட்டுத்தனமா போட்டுக்குவார்." சிநேகிதி, "ஆமா, எங்க வீட்லயும் அதே கதைதான்," என்றாள். சுமதி அதைக் கேட்டுவிட்டு, "பார்த்தியளே மச்சாள், அவையின்ரை மனிசன்மார் வீட்டிலை நிண்டு களவெடுக்கினம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். காட்டினூடாகப் பாதை. மரங்கள் எல்லாம் பட்டை உரிந்து நின்றன. கோயில் தளம் ஐஸாய்க் கிடந்தது. பிரகாரம் சுற்றும்போது எல்லோரும் நுனிக்காலில் நடந்தார்கள், சாமிக்குத் தெரியாமல் ஓடுகிறவர்கள்போல. ஒரு ஐயர் மட்டும் சால்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு சாவகாசமாக நின்றார். அன்னதானத்தில் புளிச்சாதம். சூடாகத் தந்ததால் அமிர்தமாக இருந்தது.

திரும்பி வரும்போது காரில் வைத்துத்தான் சுமதி வாய் திறந்தாள். கார் ஓட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை, அது வசதி.

"அவர் கெட்ட மனிசன் இல்லை மச்சாள். அதைத்தான் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்த ஏலாமல் கிடக்கு. நான் வேலையாலை வந்து கதவைத் திறந்தால் உள்ளை கொஞ்சம் குளிரும். அந்த டிகிரி குறையிறதை அங்கை பார்த்து, நான் வந்திட்டன் எண்டு அறிஞ்சு, நிலத்தைச் சூடாக்குவார். லேட்டாய் வந்தால் 'இண்டைக்கு என்ன லேட்' எண்டு மெசேஜ். ஜன்னலைத் திறந்தால் 'என்ன ஜன்னல் திறந்து கிடக்கு' எண்டு மெசேஜ். ஒருநாள் வேலையிலை ஒரு பிரச்சினை. வந்து குசினியிலை நிண்டு அழுதுகொண்டிருந்தனான். காலுக்குக் கீழை மெள்ள மெள்ளச் சூடாகுது. எனக்கு வந்த ஆத்திரம்! அழுகிறன் எண்டு தெரியாது, ஆனால் கால் குளிரும் எண்டு தெரியும் அவருக்கு."

"போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் இன்னும் ஒரு டிகிரி கூட்டுவார்," என்றாள். "எனக்கு நிலம் சூடாக வேண்டாம். பக்கத்திலை ஆள் வேணும். வயருக்குள்ளை ஓடுற புருசன் எனக்கு என்னத்துக்கு?"

அவன் என் தம்பி. அவள் சொல்வது நியாயம். இரண்டுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, மரக்கறி அடைத்த 'பை' என்கிற மாப்பண்டம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். உள்ளே கொதிக்கிற குழம்பு நாக்கைச் சுட்டது.

திவசம் ஞாயிற்றுக்கிழமை. குகன் சனி இரவு வருவதாக இருந்தான். சனி மத்தியானம் போன் எடுத்து, "ஷிஃப்ற் மாத்திப்போட்டாங்கள் அக்கா. நீங்களே படைச்சு விடுங்கோ. ஆக்கள் வருவினம்தானே, நான் இஞ்சை இருந்து நிலத்தை ரெண்டு டிகிரி கூட்டிவிடுறன்," என்றான்.

"அப்பா செத்தவரடா. அவருக்கு ஏன் ரெண்டு டிகிரி?" என்று கேட்டேன். அவன் சிரித்து மழுப்பினான். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

படையல் எளிமைதான். ஐயர் இல்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் அந்தக் கறுத்த வாழையிலையைப் போட்டு, பிடித்ததெல்லாம் வைத்து, நான் தேவாரம் பாட, ஆரணி கற்பூரம் காட்டினாள். குடும்ப நண்பர்கள் ஒரு பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கதிரை இருந்தது. ஆனால் இந்தத் தரையில் கால் வைத்த எவருக்கும் கதிரையில் ஏற மனம் வரவில்லை. கணக்காளர், பல் வைத்தியர், எல்லோரும் வரிசையாகச் சம்மணம் கட்டிக் குந்திவிட்டார்கள். ஒரு அங்கிள் வேட்டியை மடித்துக்கொண்டு, "இஞ்சை தான் நல்ல சூடு, இஞ்சை வாங்கோ," என்று சூடான இடம் தேடித் தேடி இடம் மாறினார். ஆக்கள் நிலத்தில் என்றால் பந்தியும் நிலத்தில்தானே. அடுப்பிலிருந்து நேரே இறக்கிய சோற்றுப் பானையைத் தூக்கிவந்து, கால் தட்டாமல் இருக்கட்டும் என்று சுவரோரமாக, கறுப்புப் பெட்டிக்கு நேர்கீழே வைத்தேன். பக்கத்தில் பருப்பு. பக்கத்தில் பாயாசச் சட்டி.

அந்த இடத்தில்தான் மாபிளுக்குக் கீழே தரையின் சூட்டை அளக்கிற சிறு கம்பி இருக்கிறது என்பது எனக்கெப்படித் தெரியும்?

முதலில் நடந்தது, தரை குளிரத் தொடங்கியது. பானையின் சூட்டை வயரின் சூடு என்று நினைத்து அந்தப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. வேட்டி அங்கிள், "என்ன, கரண்ட் போயிட்டுதோ?" என்றார். அதே நேரம் மெல்பேர்ணில் குகனின் போன் அலறியிருக்கிறது, தரை தாங்கமுடியாத அளவுக்குச் சூடாகிவிட்டதென்று. சுமதிக்கு எடுத்திருக்கிறான். அவளுடைய போன் அறைக்குள். எனக்கு எடுத்திருக்கிறான். படையல் நேரத்தில் அடிக்கக்கூடாதென்று நான் என்னுடையதைக் கைப்பைக்குள் ஊமையாக்கி வைத்திருந்தேன். அவன் கணக்கில் வீடு பற்றுகிறது, ஒருவரும் போன் எடுக்கவில்லை. அவன் இருந்த நிலையை நினைத்தால் இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது.

அடுத்த தெருவில் இருக்கும் அவனுடைய நண்பன் தவத்துக்கு எடுத்திருக்கிறான். இரண்டாவது கவளம் வாய்க்குள் போகும்போது முன்கதவு படாரென்று திறந்தது. சிவப்பு நிறத் தீயணைப்பானை மார்போடு அணைத்துக்கொண்டு தவம் உள்ளே பாய்ந்தார்.

"எங்கை நெருப்பு? எங்கை?"

பதினைந்து பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "சப்பாத்து! சப்பாத்து!"

"நெருப்பு எங்கை எண்டு கேக்கிறன்!"

"முதலிலை சப்பாத்தைக் கழட்டும் தம்பி! படையல் வீடு!"

மனிதர் ஒரு கையில் தீயணைப்பானும் மறு கையில் சப்பாத்து நூலுமாக ஒற்றைக் காலில் நின்று தள்ளாடினார். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவரே குனிந்து தரையைத் தடவிப் பார்த்து, பானையைக் கண்டுபிடித்து, குகனுக்கு வீடியோவில் எடுத்துக் காட்டினார். திரையில் தம்பியின் முகம் வெளிறிப்போயிருந்தது. தவம் போனைச் சுற்றிக் காட்டியபோது அப்பாவின் படம், இலை, பந்தி, பாயாசம் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஆர் அதிலை பானையைக் கொண்டுபோய் வைச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் சுமதி கரண்டியைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் வந்திருந்தால் நீங்களே நல்ல இடம் பார்த்து வைச்சிருக்கலாம்," என்றாள்.

எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். வேட்டி அங்கிள் மட்டும் பாயாசம் நல்லாயிருக்கிறதென்று இரண்டு தரம் சொன்னார்.

அன்று பின்னேரம் பாத்திரம் கழுவும்போது சுமதி தன் முடிவைச் சொன்னாள். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் திருகி பூட்ட அடுத்த சனிக்கிழமை காலையில் ஒரு மின்சாரக்காரர் வருகிறார். நான் அதற்கு முன்பே மெல்பேர்ணுக்குப் போய்விடவேண்டும். "நீங்கள் அவரோடை கதையுங்கோ. ஆனால் பெட்டி கழட்டிறதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ மச்சாள். அது இல்லாமல் போன பிறகு அவர் என்ன செய்யிறார் எண்டு நான் பார்க்கவேணும்."

"திங்கட்கிழமை பதில் சொல்லவேணும் அவன். கோபத்திலை ஓமெண்டு போட்டால்?"

"போடட்டும். எனக்கும் அப்ப தெரிஞ்சிடும்."

வியாழக்கிழமை ரயில் ஏறினேன். விமானத்தில் போகச் சொன்னார்கள். நாடு பார்க்கவேண்டும் என்று நான்தான் ரயில் கேட்டேன். பார்த்தேன். புல், ஆடு, புல், ஆடு, ஒரு தண்ணீர்த் தாங்கி, மறுபடி புல். எங்கள் யாழ்தேவி ரயில் என்றால் இதற்குள் வடை, கச்சான், சண்டை, சமாதானம் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். இங்கே ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மா கம்பளி பின்னிக்கொண்டு வந்தார். நான் வழிக்கென்று சுட்ட வடையை நீட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. தான் ஒரு பண்ணைக்காரி என்றார். தன் புருசன் விறகடுப்புக்குக் கட்டை போடப் போட, தான் ஜன்னலைத் திறந்துகொண்டே வாழ்ந்ததாகச் சொன்னார். "இப்போது அவர் இல்லை. ஜன்னல் மூடித்தான் இருக்கிறது," என்றார். நான் இன்னொரு வடை கொடுத்தேன்.

பாதி வழியில் ஒரு சின்ன ஊரில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, மிச்சத் தூரம் பஸ். எங்களை ஆடு மாதிரி எண்ணி ஏற்றினார்கள். பஸ்ஸில் காலடியில் இருந்து வெக்கை அடித்தது. தலைக்கு மேலே குளிர் காற்று. யாரோ முறைப்பாடு சொல்ல, சாரதி ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அறிவித்தார்: "இந்த வண்டியில் இரண்டே நிலைதான். அடுப்பு, அல்லது ஐஸ் பெட்டி. கை தூக்குங்கள்." கை தூக்கினோம். அடுப்பு வென்றது. பண்ணைக்கார அம்மா மட்டும் ஐஸ் பெட்டிக்குக் கை தூக்கினார்.

குகன் பஸ் நிலையத்தில் நின்றான். மெலிந்திருந்தான். தலைமுடி முன்பக்கம் போய்விட்டது. என்னைக் கட்டிப்பிடித்தபோது அவனுடைய கன்னம் பச்சைத்தண்ணியாய்க் குளிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

அவன் இருப்பது மெல்பேர்ணின் ஓரத்தில், டண்டினோங்கில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில். கட்டில், மேசை, ஒரு கதிரை, சோறு வைக்கிற சின்னக் குக்கர். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர். அவன் இரண்டு சுவெற்றரும் காதை மூடும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் இருந்தான். எனக்குக் கட்டிலையும் இருந்த போர்வை முழுவதையும் தந்துவிட்டு, தான் பக்கத்து அறைப் பையனோடு போய்ப் படுத்தான். மேசையில் போனை ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்திருந்தான். திரையில் பெரிதாக ஒரு எண்: இருபத்தொன்று புள்ளி ஐந்து. சிட்னி வீட்டின் சூடு.

"இப்ப ஆரணி பள்ளிக்கூடத்தாலை வந்திட்டாள்," என்றான் வெள்ளிக்கிழமை பின்னேரம், அதைப் பார்த்துக்கொண்டே. "கதவு திறந்து மூடினது. பார்த்தியளே, புள்ளி மூண்டாய் இறங்கிச்சு."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "விசரே உனக்கு? ஒண்டரை மணித்தியாலம் பிளேன். போய் அந்தக் கதவை நீயே திறந்துவிடலாமெல்லோ? ஏன்டா போறேல்லை?"

அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் சுற்றினான். "அங்கை போனால் நான் விருந்தாளி அக்கா. குசினியிலை எந்த லாச்சியை இழுத்தால் கரண்டி கிடைக்கும் எண்டும் தெரியாது. சுமதியும் பிள்ளையும் தங்கடை பாட்டிலை ஓடிக்கொண்டிருக்கினம். நான் நடுவிலை நிண்டால், 'கொஞ்சம் தள்ளுங்கோ' எண்டுவினம். போனமுறை போனபோது ஆரணி என்னட்டைக் கேட்டவள், அப்பா எப்ப வீட்டை போறியள் எண்டு." போனைத் தொட்டுக் காட்டினான். "இதிலை எண்டால் என்னாலை அவையளுக்கு ஒரு பிரயோசனம் கிடக்கு. நான் இல்லாட்டில் அவைக்குக் கால் குளிரும்."

"திங்கட்கிழமை என்ன சொல்லப்போறாய்?"

"ஓமெண்டுதான் சொல்லுவன்போலை கிடக்கு."

நான் கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தது அந்த வார்த்தையைக் கேட்கத்தானா? மருந்துக்கடையில் நிற்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆக்கள் தலையிடிக்குக் குளிசை கேட்டால் எத்தனை நாளாய் என்று கேட்பேன். இவனிடம் அதைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவனுக்கு என்ன வருத்தம் என்று தெரிந்துவிட்டது, மருந்து என்னிடம் இல்லை. விடிந்தால் பெட்டி கழலும். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சுமதிக்குக் கொடுத்த வாக்கு. விழுங்கினேன்.

சனி காலை பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு இருவரும் மேசையில் இருந்தோம். சம்பல் நான் அரைத்தது. உறைப்பு அவனுக்குப் பிடித்த அளவுக்கு. இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதை எடுத்தவன் கையை அப்படியே வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். எண் இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும்.

போனை எடுத்துத் தட்டினான். அணைத்துப் போட்டான். இணையப் பெட்டியைக் கழற்றிப் பூட்டினான். ஜன்னலோரம் போய்ப் பிடித்தான், சிட்னி ஜன்னலுக்கு வெளியே தெரியும் என்பதுபோல. எனக்கு அந்தக் கோலத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது. சம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுமதிக்கு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டான்.

"சுமதி, அங்கை நெற் கட்டாகிப் போச்சோ?"

"இல்லை. பெட்டியைக் கழட்டியாச்சு. சும்மாத் திருகி ஒண்டு போட்டிருக்கு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஓமென்று தலையாட்டினேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் விடுவியளே?"

"இப்ப வீடு எத்தினை டிகிரி?"

"தெரியாது. இதிலை நம்பர் ஒண்டும் இல்லை."

"பிள்ளைக்குக் குளிருதோ?"

"விடிய குளிருது எண்டவள். அவளே போய்த் திருகினவள். இப்ப சரி."

அவன் கதிரையில் இருந்தான். அப்பா செத்த வீட்டில்கூட நான் அவனை இப்படிப் பார்த்ததில்லை. சண்டை பிடிக்கப்போகிறான், கத்தப்போகிறான், திங்கட்கிழமைக்குக் காத்திராமல் இப்போதே ஓமென்று எழுதிப் போடப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் போனுக்குக் கிட்டக் குனிந்து கேட்டான்.

"அப்ப இனி நான் வந்து அங்கை என்னத்தைச் செய்யிறது சுமதி?"

மறுபக்கம் ஆரணி எதையோ கேட்பதும் சுமதி அவளை "ஸ்ஸ்" என்று அடக்குவதும் கேட்டது.

"ஒண்டும் செய்யவேண்டாம்," என்றாள் சுமதி. "வந்து இருங்கோ."

உடனே போனை வைத்துவிட்டாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவன் திரும்ப எடுக்கவில்லை. சம்பல் கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து தன் பயணப் பெட்டியை இழுத்தான்.